ஹொக் மோன் அக்காவின் குளம்

வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்ப்பது காரைக்காலிலேயே என் கைக்குப் பழகிப்போன வேலை. பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்துகொடுத்தால் முற்றல். சைகோனுக்கு வந்த முதல் மாதம், சந்தைக்கு வெளியே நடைபாதையில் ஒரு கூடைக்கு முன்னால் குந்தி அப்படி ஏழெட்டுக் காயை ஒடித்துவிட்டேன். கூடைக்காரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் திட்டியதில் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. ஒடிந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து என் மூக்குக்கு நேராகக் காட்டினாள். இதை இனிமேல் யார் வாங்குவார்கள் என்று கேட்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. வெட்கத்தில் கூடையிலிருந்த காய் முழுவதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாளும் அங்கேயே போனேன். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்துக் கூடையை மறைத்துக்கொண்டு சிரித்தாள். மூன்றாம் வாரத்திலிருந்து அவளே எங்கள் கடைக்குக் காய் கொண்டுவர ஆரம்பித்தாள். ஹொக் மோன் என்று நகரத்தின் வடமேற்கு ஓரத்தில் ஒரு பகுதி. அங்கே அவளுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருந்தது. விடியும் நேரத்தில் மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் மூங்கில் கூடை கட்டிக்கொண்டு வந்து சமையலறை வாசலில் நிறுத்துவாள். வெண்டைக்காய், பாகற்காய், பீர்க்கங்காய், தண்டுக்கீரை, வாழைப்பூ. காம்பில் பால் காயாமல் வந்து இறங்கும்.

வியட்நாம் போர் முடிந்து முப்பது வருடம் தாண்டியிருந்தது அப்போது. என் கணவரின் பெரியப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் சைகோனில் குமாஸ்தாவாக இருந்தவர். அவர் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்ததால் இவருக்கு அந்த ஊர்மேல் சின்ன வயதிலிருந்தே ஆசை. துணைக்கு ஒரு நண்பரின் முதலும் கிடைத்ததும் டிஸ்ட்ரிக்ட் 1இல், மசூதிக்கு இரண்டு சந்து தள்ளி, ஒன்பது மேசை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடையைத் திறந்தோம். அடுப்பு என் பொறுப்பு, முன்கட்டு அவர் பொறுப்பு. கணினிக் கம்பெனிகளில் வேலை பார்த்த பையன்கள், குடும்பத்தோடு வந்து தங்கியிருந்தவர்கள், கடலில் எண்ணெய் தோண்டும் மேடையில் வேலை செய்துவிட்டு லீவு நாளில் வுங் டாவிலிருந்து படகேறி வருகிறவர்கள். இவர்கள்தான் எங்கள் சாப்பாட்டுக்காரர்கள்.

சந்தைக்காரர்களோடு பேசிப் பேசி நான் வியட்நாமியம் கற்றுக்கொண்டேன். என் கணவருக்குக் கடைசிவரை வாயில் நுழையவில்லை. இந்த ஊரில் மூத்த பெண்ணை அக்கா என்று கூப்பிட வேண்டுமானால் 'சீ' என்று சொல்ல வேண்டும். நான் கூடைக்காரியை முதல்முறை அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டு இவர் பதறிப்போனார்.

"விடியக்காலையில வந்து நிக்கிற பொம்பளையைப் பாத்து என்னா இது, சீன்னு சொல்ற?"

விளக்கம் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் அவளும் காரணம் தெரியாமலே சிரித்தாள். நான் அர்த்தத்தைச் சொன்னேன். அன்றிலிருந்து அவர் தமிழிலேயே "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தார். அவளுக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. கடைக்கு வருகிற எல்லாருக்கும் அவள் அக்கா ஆனாள். என்னை மட்டும் அவள் 'எம்' என்றாள். தங்கை என்று அர்த்தம்.

சாப்பிடுகிறவர்களையும் விளைவிக்கிறவளையும் சேர்த்து உட்காரவைக்கும் யோசனை என் கணவருடையது. ஒரு நாள் பாகற்காய் வறுவலைத் தின்ற ஒரு பையன், "அண்ணே, இதெல்லாம் ஊர்லேர்ந்து ப்ளேன்ல வருதா?" என்று கேட்டான். இவருக்குச் சுருக்கென்று இருந்திருக்க வேண்டும். மறுநாளே அக்காவை வயலில் நிற்கவைத்துப் படம் எடுத்து, பெரிதாக்கிச் சட்டம் போட்டு, கல்லாவுக்கு மேலே மாட்டினார். கூம்புத் தொப்பியோடு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வெட்கத்தோடு நிற்கிற படம். கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவைத்தார்: 'இன்று நீங்கள் சாப்பிடும் காய்கறி இவர் தோட்டத்தில் விளைந்தது.'

பிறகு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையே மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டோம். முதல் ஞாயிறு அவள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தலை வாரி, விருந்தாளிபோல வந்து உட்கார்ந்தாள். அவள் கொடுத்த வெண்டைக்காயில் மோர்க்குழம்பு வைத்திருந்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எம், என் காய் என்ன தப்பு பண்ணுச்சு? ஏன் இப்படிப் புளிக்க வெச்சிருக்கே?"

நான் தமிழில் சொன்னதும் மேசை முழுக்கச் சிரிப்பு. ஆனாலும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அதற்கப்புறம் வயலுக்குப் போக ஆரம்பித்தோம். ஒரு வேன் பிடித்து, வர விருப்பமுள்ளவர்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு ஹொக் மோன் போவோம். அவரவர் கையால் பறித்ததைக் கூடையில் போட்டுக்கொண்டு கடைக்குத் திரும்பி, அதையே சமைத்துச் சாப்பிடுவது. எண்ணெய் மேடையில் வேலை செய்த ஒருவர், வாரக்கணக்கில் இரும்பையும் தண்ணீரையும் தவிர வேறெதையும் பார்க்காதவர், பாகல் பந்தலுக்கு அடியில் போய் நின்றால் வெளியே வரமாட்டார். ஒன்றும் பறிக்கமாட்டார். நிற்பார், அவ்வளவுதான். அக்கா அவருக்கு ஒரு முக்காலி கொண்டுபோய்ப் போடுவாள்.

வயலின் மூலையில் வட்டமாக ஒரு குளம் இருந்தது. குளத்துக்கு எப்படி இத்தனை சரியான வட்டம் என்று ஒரு தடவை கேட்டேன்.

"குண்டு விழுந்த குழி," என்றாள் அக்கா. "சண்டை முடிஞ்சு நாங்க திரும்பி வந்தப்போ இந்த நிலத்துல மூணு குழி. எனக்குப் பதினாறு வயசு. அப்பாவும் நானும் ரெண்டை மண்ணு போட்டு மூடினோம். மூணாவதுக்கு மண்ணு பத்தல. அது பாட்டுக்கு மழைத்தண்ணி தேங்கிச்சு, ஊத்தும் எடுத்துச்சு. அப்பா சொன்னாரு, விட்டுடு, அந்தச் சண்டை நமக்குக் கொடுத்துட்டுப் போனது இது ஒண்ணுதான்னு."

அந்தத் தண்ணீரில்தான் பயிர் முழுவதும் வளர்ந்தது. காயை அதில் கழுவித்தான் கூடையில் அடுக்குவாள்.

வயலுக்கு வருகிறவர்களில் ஒரு சென்னைக் குடும்பம் உண்டு. ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. அதுவரை பச்சைக் காய் எதையும் வாயில் வைக்காத பிள்ளை. அவள் அம்மா கடையில் ஒரு வாய் ஊட்டுவதற்குள் அரை மணி நேரம் ஆகும். வயலுக்கு வந்த முதல் நாள், அக்கா ஒரு பிஞ்சு வெண்டைக்காயைப் பறித்து, குளத்தில் அலசி, தான் பாதி கடித்துவிட்டு மீதியை நீட்டினாள். குழந்தை வாங்கித் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாள். அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதிலிருந்து ஒரு ஞாயிறும் அவர்கள் தவறவிடவில்லை. பேச ஒரு பொது மொழியும் இல்லாமல் அந்தக் குழந்தையும் அக்காவும் பாத்திகளுக்கு நடுவே மணிக்கணக்கில் பேசிக்கொண்டு திரிவார்கள்.

எங்கள் சாப்பாட்டுக்காரர்கள் சொல்லி வேறு மூன்று கடைகளும் அக்காவிடம் வாங்க ஆரம்பித்தன. பக்கத்து நிலத்தையும் குத்தகைக்கு எடுத்தாள். எங்களை நம்பி எடுத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்து நடந்ததை நான் மறைக்காமல் எழுத வேண்டும்.

அது சித்திரை வெயில் கொதிக்கிற சமயம். ஞாயிறு காலை வயலுக்குப் போனால் நேரம் இருக்காது என்று, சனிக்கிழமை காலையிலேயே தேங்காயைத் துருவிக் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். அன்று மதியம் எங்கள் சந்தில் மின்சாரம் போய், பொழுது சாயும்போதுதான் வந்தது. ஞாயிறு மதியம் வயலிலிருந்து திரும்பி, சட்னிக்காகத் தேங்காயை எடுத்தேன். நல்ல வாசனை இல்லை. கெட்ட நாற்றம் என்றும் சொல்ல முடியாது. ஓரத்தில் ஒரு புளிப்பு. வெளியே பதினாறு பேர் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். வடை எண்ணெயில் வெந்துகொண்டிருந்தது. ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். பச்சை மிளகாயும் இஞ்சியும் இரண்டு மடங்கு வைத்து அரைத்தேன். எலுமிச்சம்பழம் பிழிந்தேன். தாளித்துக் கொட்டினேன். ருசி பார்த்தபோது புளிப்பு தெரியவில்லை. அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை விடிவதற்குள் ஏழு பேருக்கு வாந்தியும் பேதியும். பெரியவர்கள் சமாளித்துக்கொண்டார்கள். அந்தக் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்து, கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். மற்றவர்கள் கூப்பிட்டுச் சொன்ன பிறகு, காலை ஆறு மணிக்கு அவள் அப்பாவும் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பச்சையா குடுத்தாங்களே அந்தக் காய், குளத்துல கழுவி, அதுதான். டாக்டர் கேட்டாரு, தண்ணி எங்கே குடிச்சீங்க, என்ன சாப்பிட்டீங்கன்னு. மருந்து அடிக்கிறாங்களோ என்னமோ, யாருக்குத் தெரியும்? நீங்க சொன்னதை நம்பித்தானேண்ணே பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வந்தோம்."

என் கணவர் ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எல்லாம் எனக்கும் கேட்டது. உடம்புக்கு முடியாமல் போன ஏழு பேரில் இரண்டு பேர் அன்று வயலுக்கே வராதவர்கள், நேராகக் கடைக்கு வந்து வடையும் சட்னியும் சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள். அந்தக் கணக்கை வேறு யாரும் போட்டுப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், அந்த நிமிடமே. வாயைத் திறக்கவில்லை.

"ரொம்ப மன்னிக்கணும் தம்பி," என்றார் இவர். "இனிமே அவங்ககிட்ட வாங்க மாட்டோம். இன்னையோட நிறுத்திடறோம்."

தொலைபேசியை வைத்தார். முக்காலியை இழுத்துப்போட்டு ஏறி, அக்காவின் படத்தை இறக்கினார். சுவரில் நாற்சதுரமாக ஒரு வெளுத்த இடம் தெரிந்தது.

சமையலறை வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

"நீதான் சொல்லணும்," என்றார் அவர். "எனக்குத்தான் பாஷை தெரியாதே."

அக்கா கூடையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கீரைக் கட்டுகளுக்கு மேலே தனியாக ஒரு சின்ன இலைப் பொட்டலம். குழந்தைக்கென்று பறித்த பிஞ்சுக் காய். நான் சொன்னேன். குழந்தைக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், இன்னும் ஆறு பேருக்கும் முடியவில்லை. உங்கள் காய்தான் காரணம் என்கிறார்கள். இனிமேல் எங்களால் வாங்க முடியாது.

அவள் வாதாடுவாள் என்று எதிர்பார்த்தேன். அன்று சந்தையில் பிடித்ததுபோல என் கையைப் பிடித்துத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"கொழந்தையா?" என்றாள். "நான் கொடுத்த காயாலயா?"

நான் கூடைமேல் இருந்த இலைப் பொட்டலத்தைப் பார்த்தேன்.

"எம், நெஜமாவா?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

அவள் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டாள். தெரியாது என்றேன், அதுவும் பொய். அவிழ்த்த கயிற்றை மறுபடி கட்டினாள். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. நான் போய்ப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. எப்படியோ கட்டி, வண்டியைத் தள்ளிக்கொண்டே சந்து முனைவரை நடந்துபோய், அங்கேதான் ஏறி உட்கார்ந்தாள்.

மற்ற மூன்று கடைகளும் அந்த வாரத்திலேயே அவளை நிறுத்திவிட்டன. குழந்தை மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் பெரிய சந்தையில் காய் வாங்க ஆரம்பித்தேன். வெண்டைக்காய்ப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் இப்படியே போனது. ஹொக் மோன் ஒன்றும் தூரதேசம் இல்லை, மோட்டார் சைக்கிளில் ஒரு மணி நேரம். ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் போகலாம் என்று நினைப்பேன். சொன்னால் கடையை மூட வேண்டி வரும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொள்வேன். அதற்குள் அக்காவே வேறு கடை பிடித்திருப்பாள் என்று ஒரு சமாதானம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஊரிலுள்ள முருகன் கோயிலுக்குப் போயிருந்தேன். பிரகாரத்தில் அந்தச் சென்னைப் பெண்ணும் குழந்தையும் எதிரே வந்தார்கள். குழந்தை ஓடிவந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

"ஆன்ட்டி, அந்த அக்கா எனக்கு விஷம் குடுத்தாங்களா?"

அவள் அம்மா, "ஏய், சும்மா இரு," என்று அதட்டிவிட்டு என்னிடம், "வீட்ல நாங்க பேசினதைக் கேட்டுட்டு இப்படியே சொல்லிட்டுத் திரியுதுக்கா. வெண்டைக்காயைக் கண்டாலே அழுவுது," என்றாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. அங்கேயே, அந்தக் கல்தரையில் உட்கார்ந்து, குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "இல்லடா கண்ணு. அக்கா ஒண்ணும் பண்ணல. ஆன்ட்டிதான். நான் அரைச்ச சட்னி கெட்டுப்போயிருந்துச்சு." பிறகு அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மின்சாரம் போனது, புளித்த வாசனை, எலுமிச்சம்பழம் பிழிந்தது, வயலுக்கு வராத இரண்டு பேர்.

அம்மா குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"மூணு நாள் அந்த ஆஸ்பத்திரில நான் எப்படி இருந்தேன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?" என்றாள். பிறகு, "என்கிட்ட சொல்லிட்டீங்க. அந்தம்மாகிட்ட சொன்னீங்களா?" என்றாள்.

இல்லை என்றேன்.

"அப்ப மொதல்ல அங்க போங்க."

கடைக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் டம்ளர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை துடைப்பதை நிறுத்தவில்லை.

"நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" என்றார். "அன்னைக்குச் சாயங்காலம் மிச்சச் சட்னியைக் கொண்டுபோய்க் கொட்டினது நான்தானே, அந்த வாடை எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா படத்தை இறக்குனீங்க?"

"பின்ன உன் படத்தையா மாட்ட முடியும்?"

அதைச் சொன்னதும் அவர் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். இருபத்தொரு வருடம் குடும்பம் நடத்தியிருந்தோம் அப்போது. ஒரே பொய்யை இரண்டு பேரும் தனித்தனியாக வைத்துக்கொண்டு ஒரே கூரைக்குக் கீழே இருந்திருக்கிறோம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஞாயிறு காலை அவர்தான் என்னை வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். அக்கா வீட்டுக்குத் திரும்புகிற மண்பாதை முனையில் நிறுத்திவிட்டு, "நீ போயிட்டு வா. என்னால வர முடியாது," என்றார்.

வயலை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பாகல் பந்தல் இல்லை. பந்தல் கால்களைப் பிடுங்கி ஓரத்தில் அடுக்கியிருந்தார்கள். வெண்டைச் செடி நின்ற இடம் வெறும் தரை. குளம் இருந்த மூலையில் உடைந்த செங்கலும் சிவப்பு மண்ணும் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். லாரிச் சக்கரத் தடங்கள் இன்னும் ஆழமாகத் தெரிந்தன.

அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து யாருக்கோ கூலிக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு மூட்டை பூண்டு. என்னைக் கண்டதும் எழுந்தாள். வா என்று சொல்வதற்கு முன்னாலேயே கேட்டாள்.

"கொழந்தை எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா சீ. மூணாம் நாளே வீட்டுக்கு வந்துட்டா."

அவள் கண்ணை மூடி, இரண்டு கையையும் கூப்பி நெற்றியில் வைத்துக்கொண்டாள். "ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கோயிலுக்குப் போயி அவளுக்காக வேண்டிக்கிட்டேன். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாத் தேடினேன். பேரு தெரியாம உள்ள விடல."

என்னை உட்காரச் சொன்னாள். நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள். அன்று வீட்டுக்கு வந்து யோசித்தாளாம். மருந்து அவள் அடிப்பதில்லை. அப்படியானால் தண்ணீர்தான். குண்டு விழுந்த குழி. அதற்கு அடியில் என்ன இருந்ததோ, எத்தனை வருடம் கழித்து எது ஊறி மேலே வருமோ, யாருக்குத் தெரியும்? பெரியவர்கள் தாங்கிக்கொண்டார்கள், சின்ன உடம்பு தாங்கவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டாள். நின்ற பயிரைப் பிடுங்கி எரித்தாள். யாருக்கும் ஒரு கட்டுக் கீரைகூடக் கொடுக்கவில்லை. குளத்தை மூட லாரியில் மண் வரவழைத்தாள். குத்தகை நிலத்தைத் திருப்பிக் கொடுத்தாள். தன் நிலத்தைச் செங்கல் அடுக்கிவைக்க ஒருவனுக்கு வாடகைக்குப் பேசிவிட்டாள்.

"நானே என் கையால அலசிக் கொடுத்தேனே, எம். அந்தப் பிள்ளை என்னை நம்பி வாயைத் திறந்துச்சே," என்றாள்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். வழியெல்லாம் வியட்நாமியச் சொற்களைச் சேர்த்துவைத்திருந்தேன். அங்கே எல்லாம் கலைந்துவிட்டன. தேங்காய் கெட்டிருந்தது. சட்னி. நான் அரைத்தது. உங்கள் காயில் ஒன்றுமில்லை, தண்ணீரில் ஒன்றுமில்லை.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பூண்டுத் தோல் ஒட்டிய விரல்களோடு என்னையே பார்த்தாள்.

"இது எப்பத் தெரிஞ்சுது?"

"அன்னைக்கே."

"நான் திங்கக்கெழமை வந்தப்ப?"

"தெரியும்."

"நான் நெஜமாவான்னு கேட்டப்ப?"

"தெரியும் சீ."

அவள் எழுந்து நடந்து, குளம் இருந்த மேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். நானும் பின்னால் போனேன். செருப்புக் காலால் ஒரு செங்கல் துண்டை நகர்த்தினாள். குனிந்து எடுத்தாள். எங்கே போடுவது என்று தெரியாமல் திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

"என் மூணு பிள்ளைகளும் இந்தத் தண்ணியிலதான் வளந்தாங்க," என்றாள். "அப்பா சாகறப்ப இந்தத் தண்ணியைத்தான் வாயில விட்டேன். அதைப் போயி சந்தேகப்பட்டேனே. முப்பது வருசம் எனக்குச் சோறு போட்டதை விட்டுட்டு ஒன்னை நம்பினேனே."

நான் அவள் காலில் விழப் போனேன். தோளைப் பிடித்து நிறுத்திவிட்டாள். இந்த ஊரில் அது வழக்கமில்லை, இருந்திருந்தாலும் விட்டிருக்கமாட்டாள். மண் எடுத்துக் குளத்தைத் தோண்டித் தருகிறோம், பந்தல் போட்டுத் தருகிறோம், எங்கள் கடைக்கு முன்போலக் காய் கொண்டுவாருங்கள் என்றெல்லாம் சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். வேண்டாம், வேண்டாம்.

"மழை வரப்போகுது. கிளம்புங்க, கோ," என்றாள்.

முன்பின் தெரியாத பெண்களைச் சந்தையில் மரியாதையாகக் கூப்பிடுகிற சொல் அது. என் முதுகுப் பக்கத்தில் யாரையாவது கூப்பிடுகிறாளோ என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

அடுத்த ஞாயிறு கடைக்கு வந்த எல்லாருக்கும் முன்னால் நின்று நடந்ததைச் சொன்னேன். என் கணவர் தடுக்கவில்லை. நான் தடுமாறின இடத்தில் அவரும் பேசினார். படத்தை இறக்கினது நான்தான் என்று சொன்னார். பாதிப் பேர் அதற்குப் பிறகு வரவில்லை. அது சரிதான். சென்னைக் குடும்பம் நான்கைந்து மாதம் கழித்து ஒரு நாள் வந்தது, பிறகு மாற்றலாகி ஊருக்குப் போய்விட்டார்கள். போவதற்கு முன் அம்மா குழந்தையைக் கூட்டிக்கொண்டு தானாகவே ஹொக் மோன் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். என்னிடம் அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

நான் இன்னும் இரண்டு தடவை போனேன். ஒரு தடவை தேநீர் கொடுத்தாள். மழையைப் பற்றியும் பூண்டு விலையைப் பற்றியும் பேசினாள். கோபமாகப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டாம் தடவை வீடு பூட்டியிருந்தது. பக்கத்து மாகாணமான பின் துவோங்கில் ஆலை வேலை செய்கிற மகளோடு போய்விட்டாள், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். தொலைபேசி எண் கேட்டேன். அந்த அம்மாள் உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, எண் இல்லை என்றாள். இருக்கிறது, எனக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லப்பட்டிருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

கடையை இன்னும் ஐந்து வருடம் நடத்தினோம். பெரிய சந்தையில் வாங்கின காய்தான். எங்கே விளைந்தது, யார் விளைவித்தது என்று எனக்கும் தெரியாது, சாப்பிடுகிறவர்களும் கேட்கவில்லை. என் கணவர் அதற்குப் பிறகு சுவரில் எந்தப் படமும் மாட்டவில்லை. அவருக்கு நெஞ்சுவலி வந்த வருடம் கடையைக் கைமாற்றிக் கொடுத்துவிட்டோம். இப்போது நான் சைகோனிலேயே, வீட்டிலிருந்தபடி நான்கைந்து குடும்பங்களுக்கு மட்டும் சமைத்து அனுப்புகிறேன்.

பழைய சாப்பாட்டுக்காரர்கள் எப்போதாவது வழியில் பார்த்தால் நின்று பேசுகிறார்கள். அந்த வயலுக்குப் போன நாட்களை ஞாபகம் வைத்திருக்கிறார்கள். பந்தலுக்குக் கீழே நிற்கிற அந்த எண்ணெய் மேடைக்காரர் போன வருடம் பார்த்தபோது, "அந்த அக்கா என்ன ஆனாங்க, இன்னும் காய் கொண்டாறாங்களா?" என்று கேட்டார். அவர் அந்த ஞாயிற்றுக்கிழமை கடலில் இருந்தவர், அப்படியே வேறு மேடைக்கு மாற்றலாகிப் போய்விட்டவர். ஒன்றும் தெரியாது.

"இல்லைங்க," என்றேன். "நாங்கதான் அவங்களை அனுப்பிட்டோம்."

"ஏன்?" என்றார். தெருவில் நின்றபடியே, முதலிலிருந்து அவருக்குச் சொன்னேன்.